ஓட்டோக்காரன் கேட்ட கேள்வி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? வயதுபோன மனுசியின் மானம் போன கதையைக் கேட்கக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். நான் சொல்லாவிட்டால் என் மருமகள் சொல்லுவாள். (அவள் சொன்னால் இரண்டு மடங்காக்கித்தான் சொல்லுவாள்.) அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

பேரனுக்குக் கொட்டாஞ்சேனையில் பெண் சரிவந்தது. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் வீட்டுக்கு மூத்தவள் நான் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். பெண்ணின் தகப்பனார் நேரம் பார்ப்பதில் மகா கண்டிப்பு. பிந்தினால் சம்பந்தமே வேண்டாம் என்பாராம்.

மகனின் கரண்ட் காரில் தட்டுகளை ஏற்றியதும் எனக்கு இடமில்லை.

"ரோட்டில கையைக் காட்டி ஓட்டோ பிடியுங்கோ, அம்மா. ஆப்பை நம்பி நிக்காதேங்கோ," என்றான் மகன்.

"இந்தக் காலத்தில ஆர் அப்பா கை காட்டுறது? ஆப்பில கூப்பிட்டா வாசலுக்கே வரும்," என்றாள் பேத்தி.

நான் பேத்தியின் கட்சி. "நீங்கள் போங்கோ. உங்களுக்கு முதல் நான் அங்க நிப்பன்," என்றேன்.

அவர்கள் போனதும் போனில் ஆப்பை அமத்தினேன். உடனே ஓட்டோக்காரன் கோல் எடுத்தான். "அம்மே, கொஹெத யன்னே?"

சிங்களத்தில் கேட்கிறான், எங்கே போகிறேனாம். (நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஆட்கள் "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். எங்கே என்று கேட்டால் காரியம் கெட்டுப்போகும். திரும்பி உள்ளே வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.) ஓட்டோவை வேண்டாம் என்று அமத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

அடுத்தவனும் அதையே கேட்டான். மறுபடியும் தண்ணீர். அதற்கடுத்தவன் மாளிகாவத்தைத் தமிழ்ப் பொடியன். அப்பாடா என்றிருந்தது.

"எங்கம்மா போகணும்?" என்றான்.

கதிரை. தண்ணீர். பெரிய கிளாஸ்.

கடைசியில் ஆப்பே என்னோடு கோபித்துக்கொண்டது. இனிக் கொஞ்ச நேரத்துக்கு உனக்கு ஓட்டோ இல்லை என்றுவிட்டது. பூச்சரத்தோடு காலி வீதிக்கு ஓடினேன். பஸ் கொண்டக்டர்தான் மரியாதை தெரிந்தவன்: நான் எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை, தான் எங்கே போகிறான் என்று கத்தினான். ஏறிவிட்டேன்.

அந்த பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் நான் குடித்த தண்ணீரை எனக்கு ஞாபகப்படுத்தியது.

பெண் வீட்டு வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். தகப்பனார் மணிக்கூட்டைப் பார்த்தபடி. பெண்ணின் தாய் கைகூப்பி, "வாங்கோம்மா, வாங்கோ," என்றாள்.

நான் வணக்கம் சொல்லவில்லை. "பிள்ளை, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றேன்.

வெளியே வந்தபோது பத்தரைக்கு அரை நிமிடம் இருந்தது. பூவை வைத்துவிட்டேன். ஆனால் தகப்பனாரின் முகம் கல்லாய் இருந்தது. "வந்த உடன இப்பிடியோ?" என்றார். மகன் நிலத்தைப் பார்த்தான். பேரனுக்கு வேர்த்தது.

"தம்பி, ஹோலை எல்லாரும் கூட்டி வைப்பினம். குடும்பத்தை அறியிறதெண்டா பாத்ரூமைத்தான் பாக்கோணும்," என்றேன். "உங்கட பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கு முழுச் சம்மதம்."

மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது. பெண்தான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். (கெட்டிக்காரி.)

பின்னேரம் எங்கள் தொடர்மாடிப் பெண்டுகள் படியில் மறித்தார்கள். "என்ன மாமி, போன உடனே பாத்ரூமுக்கு ஓடினியளாம்?"

"எங்கட பரம்பரை வழக்கம் அது," என்றேன். "உங்கட வீடுகளில இல்லையோ?"

போன கிழமை மூன்றாம் மாடிக்காரியின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதற்கு முதல் நாளே அவள் பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போட்டு முடித்துவிட்டாள்.