ஆதி ஸ்லாவில் பெண் கேட்டவர்

ஜெர்மனியில் பெண் கேட்டுப் போன தமிழர்கள் எத்தனையோ பேர். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பேச ஆளில்லாமல் போன மொழியில் கேட்டவர் எங்கள் உடுக்குறி அண்ணை ஒருவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தில் நின்றேன்!

ஹாலே நகர மாணவர் விடுதியில் எனக்கு அடுத்த அறை அவருக்கு. போலிஷ், செக், பல்கேரியன் எல்லாவற்றுக்கும் தாயான ஆதி ஸ்லாவ் மொழியை ஆராய வந்த யாழ்ப்பாணத்து ஆள். அதில் ஒரு வரி எழுத்துக்கூட மிஞ்சவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு, தாய் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று ஊகிப்பார்கள். ஊகித்த சொல்லுக்கு முன்னால் உடுக்குறி, அதாவது சின்ன நட்சத்திரம் போடுவார்கள். மனுசன் அதோடு நின்றாரா? சமையலறைத் துப்புரவு அட்டவணையில் என் பெயருக்கு முன்னும் ஒன்று போட்டார். நான் துடைத்ததாக ஊகம்தான் உண்டாம், ஆதாரம் இல்லையாம்.

இந்த மனுசனைப் போலந்துக்காரி மாக்தா காதலித்தாள்! அவள் அப்பா டுசல்டோர்ஃபில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் சம்மதிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார். ரயிலில் குண்டைத் தூக்கிப் போட்டார்: ஆதி ஸ்லாவில்தான் கேட்கப்போகிறாராம்.

"அண்ணை, போலிஷ் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடெல்லோ?"

"அது சின்னப்பிள்ளை, தம்பி. பொம்பிளை கேக்கிறதெண்டால் பெரியாக்களை முன்னுக்கு விடோணும். இஞ்சை எனக்கிருக்கிற பெரியாள் இந்த மொழிதான்."

கதவைத் திறந்த அப்பா மலை மாதிரி இருந்தார். அண்ணை வாழைப்பழத் தட்டை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் பொழிந்து தள்ளினார். அப்பாவுக்குப் பின்னால் நின்ற மாக்தா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குத் தண்ணீர், அம்மா, ரொட்டி என்று சில சொற்கள் அங்கங்கே பிடிபட்டிருக்க வேண்டும். உங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்களா என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டார். எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை, இவர் ஆறு வருடமாகச் சுவரோடு தனியாகப் பேசுகிறார், எனக்கு அடுத்த அறையில் கேட்கும் என்றேன்.

அவர் உள்ளே போனார். சரி, துலைஞ்சுது என்று நினைத்தேன். ரொட்டியும் உப்புமாகத் திரும்பி வந்தார். கல்யாணத்தன்று மணமக்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மனுசனுக்கு அதுவரை பொறுக்கவில்லை! ரொட்டியைப் பிட்டு, அண்ணை ரொட்டிக்குச் சொன்ன மாதிரியே "ஹ்லேபு" என்று சொல்லிக் கையில் வைத்தார்.

அண்ணை அழத் தொடங்கிவிட்டார்.

"இண்டைக்குத்தான் தம்பி, ஒராள் எனக்குத் திருப்பிக் கதைச்சவர்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன், ஒரு சொல்லாவது நான் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.