நாலு கிலோ பேட்டரி

"நாலு கிலோ பேட்டரிய வச்சுக்கிட்டு..."

"முன்னாடி பாரம் குறைஞ்சா..."

"...ஒரு காரை எழுப்ப முடியுமா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி!"

"...வளைவுல மூக்கு லேசாத் திரும்பும்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன். நடுவுல பேசாதீங்க!"

"நீதான் நடுவுல பேசுற."

சாப்பாட்டு மேசையில் இரண்டு பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன. கணவர் வாங்கியது பதினாறு கிலோ. மனைவி வாங்கிய லித்தியம் பேட்டரி நாலே கிலோ, செங்கல்லுக்குச் சற்றுப் பெரியது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மற்றதை இன்று சாயங்காலத்துக்குள் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். வாரத்தில் ஆறு நாள் அந்தக் கார் அவளைக் கடைக்குக் கொண்டுபோகும். மாதத்தின் முதல் ஞாயிறு அதே காரில்தான் பந்தயத் தடத்தில் ஓட்டுவாள். மேல் பிரிவுக்குப் போக ஒரு சுற்றில் இன்னும் அரை நொடி குறைக்க வேண்டும். நாளை இந்த வருஷத்தின் கடைசி ஓட்டம். அங்கே புறப்படும் கோட்டில் நின்று கார் கிளம்பாவிட்டால், பேச்சே இல்லை, வெளியே தள்ளிவிடுவார்கள்.

"எடைதான் குறையணும்னா பின்சீட்டுல கிடக்குற மூணு குடையை எடேன்."

"அதெல்லாம் எடுத்தாச்சு. அடுத்தது உங்க தொப்பைதான்."

"ட்ராக்குல நான் ஏறுறதே இல்லையே!"

"அதனாலதான் இவ்வளவு தூரமாவது வந்தேன்."

வினை ஆரம்பித்து ஆறு வாரமாகிறது. ஒரு காலையில் பழைய பேட்டரி உயிரை விட்டது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். இதுதான் சாக்கென்று நாலு கிலோவை வாங்கிப் பொருத்தினாள். மூன்றாம் நாள் அதுவும் படுத்துவிட்டது.

கடையில் மருந்துக்கு ஆட்கள் காத்திருப்பார்களே என்று அவள் பதறிக்கொண்டு நிற்க, கீழ்வீட்டு டைலர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வெளியே வந்தார். எதிர்வீட்டு வங்கி அதிகாரி வந்தார். மூன்றாம் மாடி நீச்சல் பயிற்சியாளர் வந்தாள். குடிவந்து எட்டு மாதமாகியும் மாடிப்படியில் ஒரு புன்னகைகூடச் சிந்தாத முகங்கள்!

"ரெண்டாம் கியர்ல போடுங்க!"

"கிளட்சை இப்ப விடாதீங்க... இப்ப விடுங்க!"

"சார், நீங்க தள்ளுறீங்களா, சாஞ்சுக்கிறீங்களா?"

கார் செருமிக்கொண்டு கிளம்பியது. மாமியார் அத்தனை பேருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். "திருட்டு அலாரம் சார்ஜை உறிஞ்சுதும்மா, கழட்டிப் போடுங்க" என்றார். கழற்றினாள். மறுநாளும் தள்ளல், தேநீர். பிறகு பாட்டுப் பெட்டியைக் கழற்றினாள். அதற்கும் கார் அசையவில்லை. ஓட்டுகிறவளுக்குப் பாட்டு போனதுதான் மிச்சம்.

கடைசியில் கணவர் வரிந்துகட்டிக்கொண்டு பதினாறு கிலோவை இறக்கினார். இரண்டு நாள் ராஜா மாதிரி கிளம்பியது. மூன்றாம் நாள் அதுவும் மௌனம்! நேற்றுவரை பெரியது முன்னால், அவசரத்துக்குச் சின்னது டிக்கியில். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, இளைக்க வேண்டிய கார் நாலு கிலோ ஏறியிருந்தது.

இவ்வளவிலும் அவள் மனசுக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. தினம் காலையில் ஏழரைக்கு யாரும் கூப்பிடாமலே அவர்கள் வந்து நின்றார்கள். டைலரின் மனைவி மாமியாரிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். நீச்சல்காரி மாமியாரின் முழங்காலுக்குப் பயிற்சி சொன்னாள். எட்டு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷி, இப்போது பகலெல்லாம் சிரிக்கிறார்.

அதைவிடப் பெரிது ஒன்று. வீட்டில் எப்போது பேட்டரிச் சண்டை வந்தாலும் மாமியார் அவள் பக்கம்தான்.

"சின்னதே இருக்கட்டும்டா. ஆசைப்படுறா இல்ல?"

"அம்மா, உனக்குப் பேட்டரியப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு என் மருமகளப் பத்தித் தெரியும்."

எந்த மாமியார் மருமகளின் பந்தயத்துக்காக வக்காலத்து வாங்குவார்?

கதவு தட்டப்பட்டது. தள்ளுகிற கோஷ்டி மொத்தமும் தீர்ப்புக் கேட்க வந்திருந்தது.

"என்ன முடிவாச்சு?" என்றார் வங்கி அதிகாரி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். டைலர் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். நேற்றுத் தள்ளும்போது பிடித்துக்கொண்டதாம்.

"பெரிசையே வச்சுக்கிறேன்" என்றாள்.

கணவரே திடுக்கிட்டார். "என்ன சொல்ற?"

"ரெண்டுல அதுதான் கொஞ்சமாவது தாங்குது. ஆறு வாரமா நீங்கள்லாம் சொந்தத்தைவிட மேலா வந்து நின்னீங்க. உங்க முதுகை ஒடிச்சு எனக்கு அரை நொடி வேணாம். ட்ராக் எங்க போயிடப் போகுது? இத்தனை நாளைக்கும் ரொம்ப நன்றி. அத்தை, உங்களுக்குத்தான் முதல் நன்றி."

யாரும் சந்தோஷப்படவில்லை. டைலர் மாமியார் கொடுத்த தேநீர்க் கோப்பையையே பார்த்தார்.

"அப்ப திங்கக்கிழமை காலைல நாங்க வர வேண்டாமா?"

"வேண்டாம்ணே, கிளம்பலேன்னா ஆட்டோல போய்க்கிறேன். நிம்மதியா இருங்க."

நீச்சல்காரி எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்தாள். வங்கி அதிகாரி நாற்காலியை இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். அவள் நாலு கிலோவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடப் போனாள்.

மாமியார் பாய்ந்து வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"பெரிசு வேணாம்மா, சொன்னாக் கேளு... அதைக் காலி பண்ண நான் மூணு மணிக்கே எழுந்து கார்ல விளக்கைப் போட்டுட்டு உக்காரணும், சின்னதுன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்!"