தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், அதாவது பாப்பாவின் ஒரே தாய்மாமன், எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு மூவரும் நலம் என்று தங்கை சொல்லித் தெரிந்துகொண்டேன். நீங்களாகச் சொல்லவில்லை என்பதையும் இத்துடன் குறித்துக்கொள்கிறேன். மூன்று தெரு தள்ளி இருப்பவன் எதற்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் போனைப் பார்க்கிறீர்கள். போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் என் வாசலில் முதலுதவிப் பெட்டியை இறக்கி வைத்தார். சுவரில் அதை மாட்டியிருந்த நான்கு திருகாணிகளைக்கூட ஒரு கவரில் போட்டு அனுப்பியிருந்தீர்கள், அந்தக் கவரில் ஒரு வரி எழுதி வைக்கத்தான் உங்களுக்கு நேரமில்லை. பெட்டி திரும்பி வந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். தங்கை வேலைக்குத் திரும்பியதும் பகலில் பாப்பாவை நான் பார்த்துக்கொள்வதாக மூன்று மாதமாக நமக்குள் பேச்சு. அது மாறிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து ஓர் ஆயா வரப்போகிறார் என்பதை நான் யார் வாயால் கேட்டேன் தெரியுமா? ஆட்டோக்காரர் வாயால். அந்த ஆயா அவருடைய மாமியாராம். "அவங்க நாலு குழந்தை வளர்த்தவங்க சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தேற்றும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தப்பு யார் மேல் என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நாம் இருவரும் மெடிக்கல் கடைக்குப் போனோம். நீங்கள் போனிலிருந்து பதினெட்டு சாமான்கள் கொண்ட பட்டியலை எடுத்தீர்கள். மூக்குச்சளி உறிஞ்சும் ரப்பர் குமிழ், குழந்தை நகவெட்டி, டயப்பர் புண்ணுக்குக் களிம்பு, காய்ச்சல் சொட்டு மருந்து, பேட்டரி தெர்மாமீட்டர், இன்னும் என்னென்னவோ. நான் என் சட்டைப் பையிலிருந்து ஆலைப் பட்டியலை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் பஞ்சாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவன் நான். ஆட்களின் வருகைப் பதிவும் முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பு. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நீங்கள், தங்கை, பாப்பா, நான், ஆக நான்கு பேர். நான்கு ஐம்பதுக்குக் குறைவுதானே? கடைக்காரர் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு, "சார், இது குழந்தைக்கா, கல் குவாரிக்கா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். மாப்பிள்ளை, அன்றைக்கு அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மரப்பட்டை குழந்தையைவிட நீளம் என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் எடுத்துக் காட்டினீர்கள். குழந்தை வளராதா? மயக்கம் தெளிவிக்கும் அமோனியா பாட்டிலைத் திறக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பாப்பா பிறந்த மூன்றாம் நாள், உங்கள் ஆபீஸ்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அதை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பொலபொலவென்று கண்ணீர் விட்டீர்கள். அவர்கள் அதைப் பிள்ளைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு உங்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்குக்கூட இங்கே மரியாதை இல்லை.

பெட்டியைக் கூடத்துச் சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டினேன். குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்பது விதி. பிறக்காத குழந்தைக்கு எது எட்டும் என்று கேட்டீர்கள். மாட்டிய பிறகுதான் படுக்கையறைக் கதவு பெட்டியில் இடித்துப் பாதிக்கு மேல் திறக்காது என்று தெரிந்தது. நிறைமாத வயிற்றோடு தங்கை பத்து நாள் பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போனாள். அவள் முகம் சுளிக்கவில்லை. நீங்கள்தான் தினமும் அந்தக் கதவைப் பெட்டியில் படார் படாரென்று மோதவிட்டு எனக்குச் செய்தி சொன்னீர்கள்.

அந்த அமோனியா கூத்துக்குப் பிறகுதான் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். ஆலையில் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருக்கும். பூட்டாமல் விட்டால் பஞ்சு சாயங்காலத்துக்குள் காது குடையப் போய்விடும், பிளாஸ்டரைச் செருப்பில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த வழக்கத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியின் சாவியையும் நானே வைத்துக்கொண்டேன். பாப்பா தன் நகத்தால் தன் கன்னத்தைக் கீறிக்கொண்ட அன்று நான் சலூனில் இருந்தேன். தங்கை போன் செய்ததும் பாதி முகத்தில் நுரையோடு தெருவில் ஓடிவந்தேன். எந்த மாமன் வருவான் இப்படி? பெட்டியைத் திறந்து, அதற்குள் நான் வைத்திருந்த ஆலைக் காயப் பதிவேட்டில் தேதி, நேரம் எல்லாம் எழுதி, 'காயம் ஏற்படுத்திய இயந்திரம்' என்ற கட்டத்தில் 'சொந்த நகம்' என்று போட்டு, தங்கையிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் கீறல் காய்ந்துவிட்டது. அதனால் மருந்து மிச்சம். நீங்கள் அதைப் பாராட்டாமல், "கையெழுத்து போட்டாத்தான் பஞ்சு தருவீங்களா மச்சான்?" என்றீர்கள்.

பாப்பாவின் கண்ணில் பீளை கட்டியபோது துடைக்கத் தங்கை பஞ்சு கேட்டாள். பெட்டியிலிருந்து எடுத்தால் குறையும் என்று கடைக்குப் போய் வேறு பாக்கெட் வாங்கிவந்து கொடுத்தேன். இதையும் கேலி செய்தீர்கள். ஆலையில் பெட்டியைச் சோதிக்க வரும் அதிகாரி ஒருமுறைகூட என் பெட்டியில் ஒரு சாமான் குறைந்து பார்த்ததில்லை. விரலை நசுக்கிக்கொண்டு வருகிறவனிடம்கூட, வியாழக்கிழமை சோதனை இருக்கிறது, அதுவரை வேட்டித் துணியைச் சுற்றிக்கொள் என்பேன். இருபத்திரண்டு வருஷமும் பெட்டி நிறைந்தே இருந்தது. அது சும்மா வருகிற பெயர் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த பேட்டரி தெர்மாமீட்டரை நான்தான் உங்களுக்குத் தெரியாமல் கடையில் திருப்பிக் கொடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி எப்போது தீரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பதிலாக என்னுடைய கண்ணாடி தெர்மாமீட்டரை வைத்தேன். போன வருஷம் விருப்ப ஓய்வில் வந்தபோது, கடிகாரம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம், இந்தத் தெர்மாமீட்டர் போதும் என்று கேட்டு வாங்கிவந்தது. மற்ற தெர்மாமீட்டர்களை ஒவ்வொரு முறையும் உதறி உதறி இறக்க வேண்டும். இதை உதறவே வேண்டாம், எப்போதும் தயாராக இருக்கும். காய்ச்சல் என்று லீவு கேட்டு என் ஜன்னலுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். முனகுவார்கள், நடுங்குவார்கள், போர்த்திக்கொண்டு வருவார்கள். வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிடுவேன். அந்த ஆலையில் பொய்க் காய்ச்சலுக்கு ஒருவனும் லீவு வாங்கியதில்லை. என் பட்டப்பெயரே 'தொண்ணூத்தெட்டு'. பதிவேட்டைப் பார்த்த அதிகாரி, இந்த ஆலைத் தொழிலாளர்களின் ஆரோக்கியம் வியக்கத்தக்கது என்று தன் கையால் எழுதினார்.

அப்படிப்பட்ட தெர்மாமீட்டரைத்தான் போன செவ்வாய்க்கிழமை பாப்பாவுக்கு வைத்தேன். காலையில் தங்கை அதற்குத் தடுப்பூசி போட்டு வந்திருந்தாள். நீங்கள் ஆபீஸில். மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கை, "அண்ணா, உடம்பு கொதிக்குது" என்றாள். பெட்டியைத் திறந்து அக்குளில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. "இன்னொரு தடவ வைங்கண்ணா" என்றாள். வைத்தேன். அதேதான். மூன்றாவது முறையும் அதேதான். மூன்றையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதினேன். "அந்தச் சொட்டு மருந்தையாவது குடுங்கண்ணா" என்று கெஞ்சினாள். காய்ச்சலே இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தா? "உன் கைதான்மா ஜில்லுனு இருக்கு, அதான் உனக்குச் சுடுற மாதிரி தெரியுது" என்று எடுத்துச் சொன்னேன். பாப்பா அழுவதை நிறுத்திவிட்டது. பார், சரியாகிவிட்டது என்றேன். அதைக் கேட்டதும் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள். பெட்டியைப் பூட்டிவிட்டு நான் பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரியில் நூற்றிரண்டு என்றார்கள். "ஒன்றரை மாசக் குழந்தைம்மா இது. ஒரு மணி நேரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் படிக்காமலே மூடி என் கையில் கொடுத்துவிட்டார். உச்சி வெயிலில் ஆட்டோவில் வந்தால் யாருக்குத்தான் உடம்பு சுடாது, உங்கள் தெர்மாமீட்டரையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள் என்றேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். நர்சுகள், மற்ற குழந்தைகளோடு வந்தவர்கள், எல்லோரும் கேட்க அந்த வராந்தாவில் சொன்னீர்கள்: "மச்சான், உங்ககிட்ட பெட்டி பத்திரமா இருக்கும். குழந்தை இருக்குமா?"

மாப்பிள்ளை, என்னை அறைந்திருக்கலாம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, உங்கள் கையில் பிடித்துக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, தோன்றியபோது வயதாகிவிட்டது. இனி என் பகல்பொழுதுகளுக்குப் பாப்பா வரப்போகிறது என்று ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளே பாப்பா நன்றாகி வீட்டுக்கு வந்துவிட்டது. நான் மட்டும் அந்த வராந்தாவிலேயே நிற்கிறேன். ஒரு இயந்திரம் காட்டிய எண்ணை நான் படித்துச் சொன்னேன். அதற்கு இந்தத் தண்டனையா?

எனவே என் கோரிக்கைகள். அந்த ஆயாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள், வேண்டுமானால் கதவை அறுத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் சொன்ன சொல்லைத் தங்கை முன்னால் திரும்பப் பெறுங்கள். என் தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது என்று மெடிக்கல் கடைக்காரரிடம் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்று வாங்கி இக்கடிதத்துடன் இணைக்கிறேன். அதைப் படித்த பிறகு உங்கள் முகம் எப்படி ஆகிறது என்று தங்கை எனக்குச் சொல்வாள்.

பாப்பா நோய் நொடியின்றி நூறாண்டு இருக்கட்டும். தங்கைக்கு என் ஆசி எப்போதும் உண்டு. உங்களுக்கும் உண்டு, கேட்டால் தருவேன்.

இப்படிக்கு,
வாசல் வரைக்கும் அனுமதி உள்ள,
உங்கள் மச்சான்

பி.கு.: சான்று இணைக்கவில்லை. கடைக்காரர் தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. பார்த்தீர்களா என்றேன். அவர் தன் டீ டம்ளருக்குள் அதை விட்டார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. ஓங்கி உதறிவிட்டு ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்தார். அதேதான். "நல்லதா இருந்தா டீயில வெடிச்சிருக்கும் சார். எத்தன வருஷமா இப்படி இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பதிவேடுகளைத் திறந்து பார்த்தேன். முதல் நான்கு வருஷம் நூறு இருக்கிறது, நூற்றொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமும் எல்லோருக்கும் ஒரே எண், என் அழகான கையெழுத்தில். ஆயா வரட்டும், மாப்பிள்ளை. பெட்டியை இனி அனுப்ப மாட்டேன். நான் வருவதும் வராததும் தங்கை சொல்கிறபடி. பன்னிரண்டாவது பதிவேட்டில் நூல் சுற்றும் பிரிவுப் பெண் ஒருத்தி, திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். மூன்று நாளும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை அவள் வரவில்லை, அந்தக் கட்டத்தில் 'வேலையை விட்டு நின்றுவிட்டாள்' என்று எழுதியிருக்கிறது. அவள் நின்றுவிட்டதாக யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. நானாக எழுதிக்கொண்டது.