கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா, உன் மருமகள் மூவரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் புத்தகத்தின் பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்கும் படத்திலேயே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என் கோபத்தையும் உன் புத்தகக் கம்பெனி தன் பெயரில் பதிந்துகொள்ளுமோ என்று பயந்து காகிதத்தில் எழுதுகிறேன். உன் வக்கீலும் இதைப் படிப்பார் என்று தெரியும். அவருக்கும் என் வணக்கம்.

வக்கீல் ஐயாவுக்குப் புரியட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "இப்ப என்ன செய்றீங்க?" என்று நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை உருட்டிப் பார்ப்போம். ஏரிக்கு அடியில் முழுகிப்போன பட்டணம், அதன் நடுவே இதுவரை யாரும் திறக்காத இரும்புக் கதவு, கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி மூக்கன், எல்லாம் நான் சொன்னவை. என் மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலிருந்து சொல்லிவருகிறேன், அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் தம்பி அத்தனை வருஷமும் அதே மேசையில் திருடன் பாத்திரத்தில் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு சிரத்தையாக ஒத்திகை பார்க்கிறான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த விளையாட்டை நீ புத்தகமாகப் போட்டாய், சரி. பட்டணம், கதவு, மூக்கன் எல்லாம் அதில் வந்தன, அதுவும் சரி. 'எழுத்தும் ஆக்கமும்' என்று உன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டாய். நானும் மண்டு மாதிரி, முன்னுரையில் ஏதாவது சொல்லியிருப்பான் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசியில், நன்றிப் பட்டியலில் அச்சகத்துக்கும் உன் பூனைக்கும் நடுவில் கிடைத்தது: 'விளையாட்டின்போது டீயும் பிஸ்கட்டும் தந்து உபசரித்த அக்காவுக்கு நன்றி.' டேய், அந்த பிஸ்கட்கூட நம்மோடு ஆடுகிற மாடி வீட்டுப் பல் டாக்டர் வாங்கிவந்தது. எனக்கு வலித்ததடா. பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தைப் புட்டியில் பிடித்து, யாருடையது எது என்று பிசகாமல் பெயர் ஒட்டுகிற வேலை எனக்கு. ஒரு புட்டியில் பெயர் மாறினால் என்னைச் சும்மா விடுவார்களா? வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் என்னுடையது. அதன்மேல் நீ உன் பெயரை ஒட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அன்பளிப்பு என்று எனக்கு ஒரு டிஜிட்டல் பிரதி அனுப்பினாயே, அந்தக் கூத்தையும் கேள். அதைத் திறக்க ஒரு ஆப், ஆப்பைத் திறக்க ஒரு கணக்கு, கணக்கைத் திறக்க ஒரு கடவுச்சொல், திறந்தபின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயரோடு 'இந்தப் பிரதி இவருக்கு விற்கப்படவில்லை, பார்வையிட மட்டுமே அனுமதி' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. பட்டணத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து வைக்கலாம் என்று அந்தப் பல் டாக்டர், அதாவது விளையாட்டில் எங்கள் மந்திரவாதி, ஆசைப்பட்டுத் தன் ஆஸ்பத்திரி பிரிண்டரில் அச்சடிக்கப் பார்த்தார். வரைபடம் வரவில்லை. அந்தச் சாம்பல் வரி மட்டும் பெரிய எழுத்தில் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் அதில் ஒன்றைக் கவனிக்காமல் பல்செட் கட்டிக்கொண்டுபோன பெரியவரின் ரசீதோடு பின் அடித்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார்: "முழுக் காசும் குடுத்தேனே டாக்டர், பார்வையிட மட்டும்தான்னா நான் எப்படிச் சாப்பிடுறது?" அவருக்குப் புரியவைக்க டாக்டருக்கு அரைநாள் ஆயிற்று. எனக்கும் இன்னும் யாராவது புரியவைத்தால் தேவலை.

போதாததற்கு, திடீரென்று ஒரு காலையில் ஆப்பைத் திறந்து பார்த்தால் மூக்கன் முக்காலியைக் காணோம். ஆறடி உயரத்தில், மார்புக் கவசத்தோடு, வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு' என்று பெருமையாக ஒரு அறிவிப்பு வேறு. மூக்கன் யாரைப் பார்த்துச் செய்த ஆள் என்று உனக்குத் தெரியாதா? யார் வந்தாலும், கத்தியோடு வந்தாலும், முதலில் "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சண்டைக்கு எழுந்திருப்பான். அது உன் மாமா. அந்த மனுஷன் வாழ்நாளில் ஓங்கிய ஒரே ஆயுதம் கரண்டி. உன் ஆப்பைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

அப்புறம்தான் வந்தது உன் வக்கீல் நோட்டீஸ். விளையாட்டின் விதிகள் உலகத்துக்கே பொதுவாம், யாரும் எடுத்துக்கொள்ளலாமாம், அவ்வளவு தாராளம். ஆனால் பெயர்களும் ஊர்களும் பாத்திரங்களும் கம்பெனியின் சொத்தாம். அதாவது நான் பகடையை உருட்டலாம், எதற்காக உருட்டுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. காப்புரிமை உள்ளவை என்று ஒரு பட்டியல்: பட்டணம், கதவு, மூக்கன், பிறகு மேற்கோள் குறிக்குள் 'சாப்டாச்சா?' அதை உன் மாமா மறுநாள் காலை வழக்கம்போலக் கேட்க, உன் மருமகள், "லைசென்ஸ் வச்சிருக்கியாப்பா?" என்றாள். மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இதற்கெல்லாம் ஒரு வழியும் நோட்டீஸில் இருந்தது. ஆப்பில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை நான் அழுத்தினால் என் கதையெல்லாம் கம்பெனிக்குப் போய்விடுமாம், கம்பெனி பெரிய மனசு பண்ணி அதை எனக்கே சொல்ல அனுமதி தருமாம். என் புடவையை எடுத்துக்கொண்டு எனக்கே இரவல் தருகிற தர்மப்பிரபு நீ ஒருவன்தானடா.

நோட்டீஸ் வந்த அன்றைக்கே நீ போன் செய்தாய் பார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"அக்கா, நோட்டீஸ் வந்துச்சா? அதெல்லாம் மனசுல வச்சுக்காத. எல்லாருக்கும் போறதுதான்."

"எல்லாருக்குமா? உனக்கு மொத்தம் எத்தனை அக்காடா?"

"ஐயோ, விடுக்கா. ஒரு சின்ன விஷயம். அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"எதுக்கு?"

"ரெண்டாம் பாகம் அறிவிச்சுட்டோம். 'கதவுக்குப் பின்னால்'னு அட்டைகூட ரெடி. உள்ள என்ன இருக்குன்னு மட்டும்தான் எழுதணும்."

மட்டும்தான்! வீட்டையே விற்றுவிட்டு, உள்ளே எத்தனை அறை என்று வீட்டுக்காரியிடம் கேட்கிறாய். வெட்கம் என்று ஒன்று இருந்ததே, அதை எந்த லைசென்ஸில் தாரை வார்த்தாய்? நான் போனை வைத்துவிட்டேன். சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்டுவதற்குக் கதை சொன்னவளும் நான்தான், அதற்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பு.

போன வெள்ளிக்கிழமை சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆடினோம். 'பெயர் சொல்லக்கூடாத ஊரில், பெயர் சொல்லக்கூடாத கதவுக்கு முன்னால், யாரென்று சொல்லக்கூடாத ஒருவர், கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்' என்று நான் சொல்லச் சொல்ல மேசை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே டாக்டர் பகடையை உருட்டினார், விழுந்தது இருபது. அதற்குமேல் எங்கள் இருபது முகப் பகடையில் எண்ணே கிடையாது. கதவு திறந்துவிட்டது. எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். நான் அங்கேயே நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்றேன். நோட்டீஸ் இருக்கும்போது கதவுக்குள் போவது சட்டப்படி சரியில்லை என்றேன்.

"மாமாவோட நோட்டீஸுக்குப் பயந்துட்டியாம்மா?" என்றாள் உன் மருமகள்.

"எனக்கென்னடி பயம்? முதல்ல அவனுக்கு ஒரு பதில் எழுதுறேன்."

ஆகவே தம்பி, என் பதில் இதுதான். ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு இல்லை, என்றைக்கும் இல்லை. பட்டணம் என்னுடையது, கதவு என்னுடையது, மூக்கனை நான் முறைப்படி கல்யாணமே செய்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் இருப்பது என் தலைக்குள் இருக்கிறது, அதற்கு உன் ஆப்பில் பொத்தான் கிடையாது. வெறும் அட்டையை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திரு. கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். பூனையைக் கேட்டதாகச் சொல். நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன், வாழ்த்துக்கு மட்டும் எந்த நிபந்தனையும் இல்லை.

இப்படிக்கு,
டீயும் பிஸ்கட்டும் தந்த அக்கா

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் எழுதிவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் மாமா என் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். கவசம் போட்ட மூக்கனைப் பெரிதாக, கலரில் பார்க்க வேண்டுமாம். ஆப் என்னவோ கேட்டதாம். "ஒண்ணுமில்லம்மா, ஏதோ ஒப்புக்கொள்கிறேன்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன்" என்கிறார். என் கணக்கு, அவர் கட்டைவிரல். உடனே உன் வக்கீலுக்குப் போன் போட்டேன். "செல்லும் மேடம், நீங்க இதுவரைக்கும் வாயால சொன்னது, இனிமே சொல்லப்போறது, எல்லாமே கம்பெனிக்குத்தான்" என்றார். அவர் குரலில் அவ்வளவு குஷி. சரி, எடுத்துக்கொள். கோர்ட்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம். ஒன்றை மட்டும் உன் காதோடு சொல்கிறேன். அந்தக் கதவை நான் முதன்முதலில் வைத்த அன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அடுப்பில் டீ பொங்கிக்கொண்டிருந்தது, "போகப் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் தெரியாதடா. கதவு இப்போது உன்னுடையது, அது திறந்தும் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்துவிடுவார்கள். நீயும் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல். டீ நான் போடுகிறேன்.