இயற்கை நிறத்தில் பத்து விரல்கள்

"விரல் செவந்திருந்தா அது விரலே இல்லையா சார்?" என்று டீத்தூள் கடை மைதீன் கத்த, "விதியில 'இயற்கை நிறம்'னு போட்டிருக்கு. உங்க பொண்ணு விரல் மருதாணி நிறம்," என்று அதிகாரி சந்திரமௌலி மேசையைத் தட்ட, பக்கத்து வீட்டு ருக்மிணி மாமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். தனக்குத் தெரியாமல் இந்த மராட்டிய ஊர் லோஹேகாவில் ஒரு சண்டை நடப்பதா?

உலகில் எந்த அரசும் தன் குடிகளை இப்படி விரல்விரலாக நேசித்ததில்லை. அறுபத்தைந்தில் யுத்தம் வந்ததும், விமானதளத்தை ஒட்டிக் குடியிருந்த முஸ்லிம்கள்மீது 'குடிமக்கள் நலப் பாதுகாப்பு இலாகா'வுக்குத் திடீர்ப் பாசம் பொங்கியது. அவர்களைப் 'பாதுகாக்க' ஆளுக்குப் பத்து விரல் ரேகை கேட்டது. மாமியை யாரும் கேட்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

மைதீன் மகள் ஜொஹ்ராவுக்கு வெள்ளிக்கிழமை வாணியம்பாடியில் நிக்காஹ். விடிந்தால் ரயில். ரேகை கொடுக்காதவர் ஊரைவிட்டு நகரக்கூடாது. மருதாணி வெளுக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள், தேசத்துக்காக இதுகூடச் செய்யக்கூடாதா என்றார் சந்திரமௌலி.

"தள்ளி வச்சா மாப்பிள்ளை வீட்ல ஏன்னு கேப்பாங்க மாமி. கவர்மென்ட்டு ரேகை கேக்குதுன்னா வேற பொண்ணு பாத்துருவாங்க," என்று அழுதாள் ஜொஹ்ராவின் தாய் அக்தர் பானு. மாமி அவளுடைய புர்காவை இரவல் கேட்டாள்.

சற்று நேரத்தில் மேசை முன் ஒரு புர்கா வந்து, வெளுத்த பத்து விரல்களை நீட்டியது. ஜொஹ்ராவைவிட ஒரு சாண் குள்ளம். அகலத்தில் அதை ஈடுகட்டியிருந்தது.

"சாயம் அதுக்குள்ள போயிடுத்தா?"

"எலுமிச்சம்பழம் தேய்ச்சுண்டேன்."

சந்திரமௌலி நிமிர்ந்தார். புர்காவுக்குள்ளிருந்து அவருடைய கும்பகோணத்து அத்தை பேசினாள். காலில் மெட்டி வேறு.

"வயசு?"

"பத்தொம்பது," என்றது நாற்பத்தெட்டு.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரலின் நிறம் பற்றித்தான் விதி இருந்தது. சொந்தக்காரர் பற்றி ஒன்றும் இல்லை. முத்திரை விழுந்தது.

குறித்த வெள்ளியிலேயே நிக்காஹ் நடந்தது. ஆனால் மைதீன் வரிசையில் நின்றதைப் பார்த்த வாடிக்கையாளர்கள், சும்மாவா ரேகை எடுப்பார்கள் என்று வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்குள் அவர் கடையை விற்றுவிட்டு மகள் ஊருக்கே போய்விட்டார். பின்னாலேயே மற்ற முஸ்லிம் வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. சந்திரமௌலி பதவி உயர்வில் டெல்லிக்குப் போனார். மாமி மட்டும் அங்கேயே இருந்தாள்.

ஒற்றன் ஒருவனும் அகப்படவில்லை. அதனாலென்ன? பாதுகாப்பு அவ்வளவு பூரணம்: பாதுகாக்கப்பட்டவர்களில் ஒருவர்கூடத் தெருவில் மிச்சமில்லை.