ஊதாத் தலை மாப்பிள்ளை

ஒருவர் தன்னைக் கலைஞர் என்று நம்பத் தொடங்கிவிட்டால், சுற்றியிருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் நம்பத் தொடங்கியபோது, பாவம், சோமனூர்க்காரர்கள் ஜாக்கிரதையாக இல்லை.

கல்லூரி முடித்த கையோடு நண்பர்கள் சிலர் சேர்ந்து கோயமுத்தூரில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்க முடிவு செய்தோம். எனக்கு ஒரு சுவர். தலைப்பு 'உடையே குரல்'. (நானே வைத்தது. இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.) தெருவில் தங்களுக்கென்று ஒரு பாணியில் உடுத்தித் திரியும் இளைஞர்களைப் படமெடுத்து மாட்டுவதாகத் திட்டம். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் பிடித்து நிறுத்தியவர்கள் எல்லோரும் கேமராவைக் கண்டதும் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எனக்கு நிஜம் வேண்டும் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கருமத்தம்பட்டியில் ஒரு பேக்கரி வாசலில் சிநேகிதர்களோடு நின்ற கௌதமைப் பார்த்தேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகள் கழித்துப் போட்ட உருப்படிகளை மட்டும் தேடிப் பிடித்து உடுத்தும் பட்டாளம் அது. ஒருவனுக்கு ஒரு கை நீளம், இன்னொரு கை குட்டை. கௌதமின் பனியனில் புலி தலைகீழாக அச்சாகியிருந்தது. அதற்கு மேலே கத்திரிப்பூ நிறத்தில் தலைமுடி.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எங்கூட்டுத் தறியில எந்நேரமும் வெள்ளக் காடாத்துணிதானுங்க ஓடுது. தலையாச்சும் கலரா இருக்கட்டும்னு அடிச்சுபோட்டனுங்க" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து எடுக்கிறேன் என்றேன். "அன்னைக்கு ஊட்டுக்கு விருந்தாளிக வாராங்க. பாக்கலாமுங்க" என்றான். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், பாக்கலாமுங்க என்பார்கள். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான், தெரிந்திருக்க வேண்டும். கலை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரான சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அவன் தெரு முனைக் கடையில் விசாரித்தேன். வழியை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பெரிய ஆவணக் கலைஞர் அல்லவா, பின்னணி சேகரித்தேன். "கௌதம் எப்படிப்பட்டவருங்க? எப்பவும் இப்படித்தான் துணி போடுவாரா? வீட்ல என்ன சொல்றாங்க? சிநேகிதங்க எல்லாம் எப்படி?"

ஒரு பையனைப் பற்றித் தெரு முனைக் கடையில் இப்படிக் கேட்பவர்கள் எங்கள் ஊரில் ஒரே வகைதான்: பெண் வீட்டார். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கமான பையனுங்க. டீகூட அளவாத்தானுங்க குடிப்பாப்ல" என்றார். நான் தெரு திரும்புவதற்குள் போனை எடுத்துவிட்டார்.

கௌதமின் அம்மா வாசலுக்கே ஓடிவந்து வரவேற்றார். தறி ஓட்டும் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருடக்கணக்காகத் தேடி, அன்று பிற்பகல்தான் காங்கேயத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அதற்குள் வேறு எந்த வீட்டுப் பெண்ணோ கேமராவும் கையுமாகத் தானே மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டது என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. முறுக்கும் ஜூஸும் வந்தபோது, கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

"ஏங்கண்ணு, பெரியவங்க யாரும் கூட வரலீங்களா?"

"இல்லீங்கம்மா. நான் எப்பவும் தனியாத்தான் போவேன்."

"எப்பவுமா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கௌதம் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு. தலையில் அவசரமாகப் பூசிய கருப்புச் சாயம் இன்னும் ஈரமாக மின்னியது. என் நிஜம் போய்விட்டது! "ஐயோ, எனக்கு அந்த ஊதாத் தலைதான் வேணும்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அம்மா, இவங்க போட்டோ எடுக்க..." என்று ஆரம்பித்தான் கௌதம்.

"நீ சும்மா இரு சாமி" என்று அவனை அடக்கிவிட்டு, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, இன்னைக்கு ஒரு இடத்துல இருந்து பையனப் பாக்க வாராங்க. நீ பின்பக்கமாப் போயிரு அம்மணி. உன்னைய வேண்டாங்கல. இது அமையலீன்னா உங்கூட்ல வந்து பேசறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். என்னால் ஒருவனுடைய கல்யாணமே நிற்கப் போகிறது! பின்பக்கம் எது என்று தேடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பெண்ணின் தாய்மாமன் முதலில் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். வியர்த்துக்கொண்டிருந்த கௌதமைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ள யாருங்க?"

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்றார்.

கூட்டம் என்றால் குலப்பிரிவு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் மனிதகுலத்தைப் பற்றி நீண்ட உரை ஆற்றுவதாக நான் சபதமே எடுத்திருந்தேன். அன்று உரை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கூட்டத்தின் பெயரை ஒப்பித்தேன்.

"அட சாமி, நம்ம கூட்டந்தானா!" கௌதமின் அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "பங்காளியூட்டுப் புள்ளைங்க! இவனுக்குத் தங்கச்சிங்க! போட்டோ எடுக்க வந்துருக்குதுங்க!" வீடே மூச்சு விட்டது. எனக்கும் போன உயிர் வந்தது.

ஆனால் மாமா இன்னும் கௌதமின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சாயம் கரைந்து, காதோரம் ஊதா எட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையில் கருப்பாக ஒரு கோடு இறங்கியது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாடா" என்றார் மாமா. "எங்கக்கா புள்ள போன்ல இவரு போட்டோ பாத்துட்டு, ஊதாத் தல மாப்பிள்ளைன்னா சரீன்னு சொல்லுச்சுங்க. கருப்பா இருக்கவும் ஊடு மாறி வந்துபோட்டமோன்னு பயந்தே போனனுங்க!"

அந்தக் காதோர ஊதாவோடு நான் எடுத்த படம்தான் கண்காட்சியில் என் சுவரின் நடுவில் தொங்கியது. கல்யாணத்தைப் படமெடுக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் தங்கை நின்று செய்ய வேண்டிய இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. கௌதமுக்கு உடன்பிறந்தவள் இல்லை. "அதான் நீ இருக்கியே அம்மணி" என்று கேமராவைப் பிடுங்கிவிட்டு, பட்டுச்சேலையைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். ஆல்பம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

இன்றைக்கும் தெருவில் யாராவது வித்தியாசமாக உடுத்திப் போனால் என் கை தானாகக் கேமராவைத் தேடும். கூடவே, இந்தக் கதையெல்லாம் தெரிந்த அப்பாவின் குரல் வரும்: "கூட்டம் கேட்டுட்டு எடு கண்ணு. நம்ம கூட்டம்னா தங்கச்சியாத் திரும்பி வந்துரலாம்."