முப்பத்துநாலு எடுப்பது எப்படி

ஒரு காட்டில், காடு என்று பேர்தான், மாநகராட்சியாகி வெகுகாலம் ஆயிற்று, ஒரு அரசுப் பள்ளிக்கூடம் இருந்தது. வசதியுள்ள மான்களும் குரங்குகளும் பிள்ளைகளைக் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டன. மிச்சமிருந்தவை ஆமைகள், எருமைகள், பிழைப்புக்காகப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த காக்கைகள். ஒரு வௌவாலும் உண்டு. அதைப் பறவையென்று எழுதுவதா விலங்கென்று எழுதுவதா என்று அலுவலகத்தில் இன்னும் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலைமையாசிரியை சௌந்தரவல்லி ஒரு நாரை. பத்தாம் வகுப்பைத் தேற்றியே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றார். நாரைக்கு அதில் சிரமமும் இல்லை. அரையாண்டுத் தேர்வில் முக்கால்வாசிப் பேர் பாஸ்.

மறுவாரமே கல்வி அதிகாரி வேதமுத்து வந்தார். கரடி.

"என்னம்மா, பள்ளிக்கூடத்தை இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

"சார், பிள்ளைங்க பாஸாயிருக்காங்க!"

"அதைத்தான் சொல்றேன். முழுப்பரீட்சையிலயும் பாதிக்கு மேல பாஸானா, பின்தங்கிய பள்ளி நிதி நின்னுடும். மதியச் சாப்பாடு, கணக்கு வாத்தியார் எல்லாம் அதுலதானே வருது?"

"எல்லாரும் ஃபெயிலானா?"

"மூடிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கரடி தேன் போட்ட டீ கேட்டார்.

சோறு நின்றால் காக்கைக் குஞ்சுகள் மறுநாளே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல், பாதிப் பேர் வேண்டுமென்றே ஃபெயிலாக வேண்டும் என்று நாரை வகுப்பில் சொன்னார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"நான் ரெடி டீச்சர்!" என்று எருமைக்கன்று சுடலைமணி எழுந்தான். அவன் பிறந்ததிலிருந்தே ரெடி.

மாதிரித் தேர்வு வைத்தார்கள். எல்லாம் சரியான விடைக்கு டிக் அடிக்கும் கேள்விகள். சுடலைமணி முப்பத்தாறு வாங்கிப் பாஸாகிவிட்டான்.

"என்னடா இது?"

"சரியான விடையை விட்டுட்டு மத்ததுல டிக் அடிக்கச் சொன்னீங்க. எது சரின்னு தெரிஞ்சாத்தானே டீச்சர் விட முடியும்? கைக்கு வந்ததை அடிச்சேன்."

நாரைக்கு அப்போதுதான் உறைத்தது. முட்டை வாங்கினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். சொல்லி வைத்தாற்போல் முப்பத்துநாலில் நிற்க வேண்டுமானால் அத்தனை விடையும் அத்துப்படியாக இருக்க வேண்டும். ஆகவே, நன்றாகப் படிக்கிற பாதியை ஃபெயிலாக ஒதுக்கினார். சாயங்காலம் அவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். சுடலைமணி வகையறாவை விளையாட அனுப்பிவிட்டார்.

ஒதுக்கியவர்களில் முதல் ஆள் ஆமைக்குட்டி தங்கபுஷ்பம். டாக்டராக வேண்டும் என்று முதுகோட்டிலேயே எழுதி வைத்திருந்தவள். "நானுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"உன்னை நம்பித்தாம்மா சோறே இருக்கு."

ரிசல்ட் வந்தது. சுடலைமணி பாஸ். கான்வென்டுக்காரர்களே மாலையோடு வந்து பதினொன்றாம் வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். தங்கபுஷ்பம் சரியாக முப்பத்துநாலு. நிதியும் வந்தது, கணக்கு வாத்தியாரும் தங்கினார்.

பள்ளி திறந்த அன்று காக்கைகள் அடித்துப்பிடித்துச் சாப்பிட்டன. தங்கபுஷ்பம் தட்டைத் தொடவில்லை. அதே பத்தாம் வகுப்பு, அதே பெஞ்சு.

"இந்த வருஷமும் நான்தானா டீச்சர்?"

நாரையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க ஜாதிக்கு ஆயுசு கெட்டிதானேம்மா."

நீதி: பாஸாவதற்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றும் அளவுக்கு ஃபெயிலாக வேண்டுமென்றால் எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும்.